ஊரில் விவசாயிகளுக்குப் பயிற்சி: 3,360 வெள்ளியை எதில் செலவழிக்கலாம்?

வெண்ணாற்றங்கரையான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உட்லண்ட்ஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். சிங்கப்பூர் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊர் நீடாமங்கலம் பக்கம். அப்பா இல்லை. ஒன்பது மா நிலத்தை அம்மாவும் தம்பியும் பார்க்கிறார்கள். (டெல்டாக்காரர்கள் அல்லாதவர்களுக்கு: மூன்று மா ஒரு ஏக்கர்.)

எங்கள் ஊரும் பக்கத்து இரண்டு ஊர்களும் சேர்த்து இங்கே பதினான்கு பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா பக்கம்) கூடுவோம். போன ஆண்டு பேச்சோடு பேச்சாக ஆளுக்கு மாதம் இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட ஆரம்பித்து, இப்போது கையில் 3,360 வெள்ளி இருக்கிறது. ஊர் விவசாயத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். என்ன என்பதில்தான் சண்டை.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். ஊரில் பதினொரு விவசாயிகளைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். இரவு விடுதிக்குத் திரும்பியதும் விவசாயக் காணொளிகளைத் தேடிப் பார்த்து அனுப்புவேன். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. எனக்கே ஒரு பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். நவம்பரில் ஒரு காணொளி அனுப்பினேன். பயிர் கரும்பச்சையாக இல்லாவிட்டால் யூரியா கூடக் கொடுங்கள், கூடவே இரண்டு மருந்தைக் கலந்து அடித்தால் எந்தப் பூச்சியும் கிட்ட வராது என்று ஒருவர் அழகாகச் சொன்னார். தம்பி அப்படியே செய்தான். அண்ணன் அனுப்பியதாயிற்றே.

டிசம்பர் இரண்டாவது வாரம் வீடியோ அழைப்பில் வயலைக் காட்டினான். நடு வயலில் வட்டமாக, யாரோ அண்டா நிறைய வெந்நீரைக் கவிழ்த்ததுபோல் பயிர் காய்ந்து கிடந்தது. ஒரு வட்டம் அல்ல, ஐந்தாறு. சுற்றி எல்லாம் பச்சை. அம்மா பின்னாலிருந்து, "புகையான். தூரைப் பிரித்துப் பார் என்று கார்த்திகைத் தொடக்கத்திலேயே சொன்னேன், இவன் போனைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்" என்றார். (புகையான் என்பது நெல் தூரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி.) நான்கு மா போய்விட்டது. ஆந்திரா பொன்னி போட்டிருந்தோம்.

அந்தக் குழுவில் இப்போது நான் எதுவும் அனுப்புவதில்லை.

பணத்துக்கு வந்திருக்கும் யோசனைகள்: மருந்து அடிக்கும் டிரோன் வாங்கிக் கொடுப்பது. வயலில் ஈரம் அளக்கும் கருவி. சென்னையிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து, கல்யாண மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி, மதியம் பிரியாணி. இன்னொருவர் 'விவசாயிகள் அறிவு மையம்' என்று ஓர் அறை கட்டி, வாசலில் கிரானைட்டில் பதினான்கு பேரின் பெயரையும் பொறிக்கலாம் என்கிறார். அந்த யோசனைக்குத்தான் இப்போதைக்கு ஆதரவு அதிகம்.

விவசாயத் துறையில் இருந்தவர்கள், இப்படி முயன்று கையைச் சுட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நேர்வழி

தம்பி, வருத்தம்தான். ஆனால் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வெளியூரில் இருப்பவர்களின் நினைப்பு. விவசாயிக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? நெல்லுக்கு விலை வேண்டும், மேட்டூரில் தண்ணீர் வேண்டும், அறுப்புக்கு ஆள் வேண்டும். இது மூன்றும் இல்லாமல் பாடம் நடத்தி என்ன பயன்? பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாக வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஈசூன் தோட்டக்காரி

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நெல் வயலில் கால் வைத்ததில்லை, அதனால் புகையானைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தை ஆறு ஆண்டுகளாகக் கவனிக்கிறேன். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த தோட்டங்களில் ஒன்று.

ஆரம்பத்தில் நானும் உங்களைப் போலத்தான். கத்திரிக்கு மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது, வெண்டைக்கு எப்போது உரம் வைப்பது என்று நான்கு மொழியிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு வேலியில் மாட்டினேன். ஒருவரும் படிக்கவில்லை. அந்த உறைக்குள் எறும்பு கூடு கட்டியதுதான் மிச்சம். பிறகு சனிக்கிழமை காலை ஏழரைக்கு எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு பாத்தியாக நடப்பது என்று வைத்தோம். கங்கோங் கீரை வளர்க்கும் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். ஆங்கிலமும் பேச மாட்டார், மலாயும் அரைகுறை. இலையைத் திருப்பி, என் விரலைப் பிடித்து அடிப்பக்கத்தில் வைத்துத் தடவ வைத்தார். பிசுபிசுப்பு. அதன் பிறகு நான் இலையைத் திருப்பாமல் தண்ணீர் ஊற்றுவதில்லை.

நான் எழுத வந்தது வேறு. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தூரைப் பிரித்துப் பார் என்று முதலில் சொன்னவர் உங்கள் அம்மா. வாட்ஸ்அப் குழுவில் பதினொரு விவசாயிகள் என்கிறீர்கள். அதில் உங்கள் அம்மா இருக்கிறாரா? எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்?

வெண்ணாற்றங்கரையான்

அக்கா, ஒருவரும் இல்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். இந்தக் கேள்வி எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் முழுக்கப் பெண்கள்தான்.

செங்காங் தாத்தா

மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக வந்திருக்கிறேன். அவன் தூங்கும் நேரத்தில்தான் எழுத முடியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இது என் சொந்தக் கதையும்கூட.

தம்பி, முதலில் வயலில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புகையான் இலையில் உட்காராது. தண்ணீர் மட்டத்துக்கு நான்கு விரல் மேலே, தூரின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். முட்டையை இலையுறைக்கு உள்ளே கீறி வைக்கும். மேலே அடிக்கும் மருந்து அதன் முட்டைக்கும் போகாது, பெரும்பாலும் அதற்கும் போகாது. மேலே நடமாடும் சிலந்திக்கும், புகையான் முட்டையைத் தின்னும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிக்கும்தான் போகும். காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவையும் திறந்து வைத்ததுபோல. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால் புகையான் முன்னிலும் பெருகும் என்பது நெல் ஆராய்ச்சியில் பழைய செய்தி. அதோடு யூரியா கூடினால் பயிர் சதைப்பற்றாகி, பூச்சிக்கு விருந்து. ஆந்திரா பொன்னி ஏற்கெனவே புகையானைத் தாங்காத ரகம். உங்கள் தம்பி செய்த இரண்டும் ஒரே பக்கம் தள்ளிவிட்டன.

இதில் உங்கள் தம்பியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் 1987-இல் பணியில் சேர்ந்தேன். 'பயிற்சி மற்றும் பார்வையிடல்' என்ற உலக வங்கி முறை அப்போது நடப்பில் இருந்தது. ஓர் அலுவலருக்குச் சுமார் எண்ணூறு குடும்பங்கள். அவற்றை எட்டுக் குழுவாகப் பிரித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை குறித்த கிழமையில் குறித்த ஊர். இடையில் ஒருநாள் எங்களுக்குப் பயிற்சி. அங்கே கொடுக்கும் செய்தியைக் குறித்துக்கொண்டு, மொபெட்டில் போய், 'தொடர்பு விவசாயி' ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்பது ஏற்பாடு. தொடர்பு விவசாயி யார்? திண்ணை உள்ள வீட்டுக்காரர். நாற்காலி போடுவார், காபி கொடுப்பார். செய்தி அந்தத் திண்ணையைத் தாண்டியதா என்று நான் போய்ப் பார்த்ததில்லை. பதிவேட்டில் மட்டும் தாண்டியது. நான் செய்தது உங்கள் வாட்ஸ்அப் வேலைதான், பெட்ரோல் செலவோடு.

தொண்ணூறுகளின் நடுவில் என்னை உழவர் வயல்வெளிப் பள்ளிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இங்கிருந்து பாத்தாமுக்குப் படகில் போகிறோமே, அந்த இந்தோனேசியாவில் பிறந்தது இந்த முறை. அங்கே புகையான் நாட்டையே ஆட்டியது. 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். தடை போட்டால் போதுமா, விவசாயி வேறு என்ன செய்வது? அதற்காக 1989-இல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு ஜாவாவில் வயலிலேயே பள்ளியைத் தொடங்கினார்கள். இருபத்தைந்து பேர் போல ஒரு குழு. நாற்று நட்டதிலிருந்து அறுப்பு வரை வாரம் ஒரு காலை. பாடப்புத்தகம் கிடையாது. வயலில் இறங்கி எண்ணுவது, எண்ணியதைப் பெரிய தாளில் படமாக வரைவது, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று வாதாடுவது. அவ்வளவுதான்.

என் முதல் வாரத்தை மறக்க முடியாது. ஒரு குத்தைச் (சேர்த்து நட்ட நாற்று பல தூர் விட்டு நிற்கும் கொத்து) சாய்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். தண்ணீரில் கொட்டியது. "பாருங்கள், புகையான்" என்றேன், அலுவலர் குரலில். களை எடுக்க வந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, அது தத்துப்பூச்சி. பச்சையாக இருக்கிறது பாருங்கள். புகையான் தவிட்டு நிறத்தில், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரும்" என்றார். சுற்றி இருபது பேர். பட்டயப் படிப்பு முடித்து எட்டு ஆண்டு அனுபவம் எனக்கு. வரப்பில் அமர்ந்து அந்த அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் பூச்சியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், படத்தில் அது நகராது.

(பேரன் எழுந்துவிட்டான். மீதி பிறகு.)

செங்காங் தாத்தா

தொடர்கிறேன்.

நேர்வழி ஐயா சொல்வதில் பாதி நியாயம். விலையும் தண்ணீரும் நம் கையில் இல்லை. ஆனால் அந்த நான்கு மாவுக்கு வாங்கிய யூரியாவும் இரண்டு மருந்தும் அவர்கள் கைக்காசுதானே? விலை கிடைக்காத விவசாயிக்கு வீண் செலவைத் தவிர்ப்பது இன்னும் முக்கியம்.

டிரோன் வேண்டாம். அடிக்க வேண்டுமா என்று முடிவெடுக்கத் தெரியாத ஊரில் அது வேகமாக அடிக்கும், அவ்வளவுதான். கட்டடமும் வேண்டாம். நான் பார்த்த வரையில் அப்படி ஓர் அறை கட்டினால் மூன்றாவது ஆண்டில் அதில் சாக்கு மூட்டை இருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது.

வரும் சம்பாவுக்கு ஒரு வயல்வெளிப் பள்ளி நடத்துங்கள். இருபத்தைந்து பேர், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதினாறு வாரம். சுண்டலும் டீயும் தலைக்கு முப்பது ரூபாய் என்றால் பன்னிரண்டாயிரம். பெரிய தாள், கிரேயான், வெள்ளைத் தட்டு, கை லென்சு, இலை வண்ண அட்டை எல்லாம் சேர்ந்தும் பெரிய தொகை வராது. உங்களிடம் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. பெரும்பகுதியை நான் வேறொன்றுக்கு ஒதுக்கச் சொல்வேன்: பயத்துக்கு.

பயம் என்றால் இதுதான். பக்கத்து வயலில் மருந்து அடிக்கும்போது நாம் அடிக்காமல் நிற்க நெஞ்சுரம் வேண்டும். தூருக்கு ஒரு புகையான் வரை பொறுக்கலாம், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது கணக்கு. பதினைந்து தூர் உள்ள குத்தில் சிலந்தி இருந்தால் முப்பது பூச்சி. முப்பது பூச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவது லேசான காரியமா? அதனால் ஐந்து பேரின் வயலில் பத்து பத்து சென்ட் ஒதுக்கச் சொல்லுங்கள். அங்கே எண்ணிப் பார்த்த பிறகுதான் எதுவும். விளைச்சல் குறைந்தால் அந்தக் குறைவுக்கு உங்கள் பதினான்கு பேரின் பணம் பொறுப்பு. ஏக்கருக்கு முப்பது மூட்டை என்றால் பத்து சென்டில் மூன்று மூட்டை. ஐந்தும் போனாலும் பதினைந்து மூட்டை, உங்களால் தாங்க முடியும், அவர்களால் முடியாது. பக்கத்திலேயே அவர்கள் வழக்கப்படி செய்யும் வயல் இருக்கும். இரண்டையும் வாரா வாரம் பார்ப்பார்கள்.

இலை வண்ண அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க, வெளிரிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டை அது. விலை குறைவு, ஆனால் தவறாகப் பார்ப்பவர்களே அதிகம். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று, முழுக்க விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்துக் குத்து. ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள். பத்தில் ஆறு இலை அந்த ரகத்துக்கு உரிய எண்ணுக்குக் கீழே போனால்தான் தழைச்சத்து, அதாவது யூரியா. மற்ற ரகங்களுக்கு எண் நான்கு, வெள்ளைப் பொன்னிக்கு மூன்று. அந்த ரகத்தின் நிறமே கொஞ்சம் வெளிர்தான். ரகத்தின் எண்ணைப் பார்க்காமல் "கரும்பச்சை இல்லையே" என்று உங்கள் தம்பி யூரியா போட்டது அந்த இடத்தில்தான் தப்பிப் போனது.

நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளி விடச் சொல்லுங்கள். காற்றும் வெயிலும் அடித்தூருக்குப் போகும், எண்ணுவதற்கு ஆளும் உள்ளே நடக்கலாம். இடம் வீண் என்று சண்டை வரும். வரட்டும்.

நடத்துவது யார் என்பீர்கள். நீடாமங்கலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் வெகு தூரமில்லை. அட்மா என்ற அரசு வேளாண் விரிவாக்கத் திட்டத்திலும் பண்ணைப்பள்ளிக்கு இடமுண்டு. ஊர்க்காரர்கள் இருபத்தைந்து பேர் கையெழுத்தோடு போய்க் கேட்கட்டும். உங்கள் வட்டார உதவி வேளாண்மை அலுவலரைக் கட்டாயம் அழையுங்கள், ஆனால் மேடையில் மாலை போடுவதற்கு அல்ல. மானியப் பட்டியலும் பதிவேற்றமும் அவர்கள் பகலைத் தின்றுவிடுகின்றன. வாரம் ஒரு காலை வயலில் நிற்க ஒரு காரணம் கிடைத்தால் அவருக்கும் நல்லது. முதல் நாளே அவரையும் ஒரு குத்தைத் தட்டி எண்ணச் சொல்லுங்கள். என்னை மாதிரி எட்டு ஆண்டு வீணாகாமல் இருக்கும்.

துவாஸ் கடலோரம்

நான் புதுச்சேரிக்காரன், மீனவக் குடும்பம். கப்பல் பட்டறையில் வேலை. அறிவு மையம் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கட்டடத்தையே முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கடலோர ஊர்களில் அன்றைய அலை எவ்வளவு உயரம் வரும் என்று இணையத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம், எழுத்துத் தெரிய வேண்டாம், போன் வேண்டாம், ஆண் பெண் எல்லார் காதிலும் விழும். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் இதே சிங்கப்பூரில் இருந்து ஆழிப்பேரலைச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். வீட்டார் ஓடிப்போய் மையத்தைத் திறந்து அந்த ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊர் கரையேறியது.

இங்கிருந்து போன செய்தி அங்கே வேலை செய்ததற்குக் காரணம், அந்தக் குழாய் தினமும் உண்மை பேசிக்கொண்டிருந்தது. உங்கள் பள்ளியில் எண்ணியதை வாரா வாரம் ஊர் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள். "கிழக்குப் பாசன வயலில் குத்துக்குப் பத்து புகையான், சிலந்தி இரண்டு, இந்த வாரம் அடிக்கத் தேவையில்லை" என்று. சொல்பவர் அந்த வயலில் இறங்கியவராக இருக்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரையான்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு தேக்காவில் தாத்தாவின் பதிவை உரக்கப் படித்தேன். கிரானைட் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு "சரி, தட்டிலாவது பெயர் எழுதலாமா" என்றார். வெள்ளைத் தட்டுக்குப் பின்பக்கம் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டோம். மூட்டைக்குப் பொறுப்பு என்பதில்தான் நீண்ட வாதம். பொய்க் கணக்குச் சொல்வார்களே என்றார் ஒருவர். அறுப்பன்று எல்லார் முன்னிலையிலும் எடை போடுவது என்று முடிவு. பதினான்கில் பதினொரு பேர் சம்மதம்.

என் வேலையில் தினமும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) நடத்துகிறேன். ஆபத்து எங்கே என்று நான் சொன்னால் தலையாட்டுவார்கள், "நீயே காட்டு" என்றால்தான் சாரத்தில் கழன்ற பலகை அவர்கள் கண்ணில் படும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் தம்பிக்குக் காணொளி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "பள்ளிக்கூடமா, இந்த வயதிலா" என்று சிரித்தார். பிறகு, நூறு நாள் வேலை உள்ள அன்றைக்கு வைக்காதே, சமையல் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் வை, சுண்டலை டீக்கடையில் வாங்காதே என்று மூன்று நிபந்தனை போட்டார். யார் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதற்கு அவர் சொன்ன ஒன்பது பெயரில் ஒன்றுகூட என் வாட்ஸ்அப் குழுவில் இல்லை.

தாத்தா, இன்று காலை தம்பி ஒரு படம் அனுப்பியிருக்கிறான். கீழே இணைத்திருக்கிறேன். எட்டுக் கால், பழுப்பு நிறம், பின்னால் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக வெள்ளையாக ஓர் உருண்டை ஒட்டியிருக்கிறது. நோய் வந்த பூச்சியா என்று கேட்கிறான்.

செங்காங் தாத்தா

நோயில்லை. ஓநாய்ச் சிலந்தி. அந்த வெள்ளை உருண்டை முட்டைப் பை, பொரியும் வரை தாய் அதை இழுத்துக்கொண்டேதான் வேட்டையாடும். அடித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் எடுத்தது வரப்பிலா, வயலுக்குள்ளா? மருந்து அடித்த பக்கமா, அடிக்காத பக்கமா? அதையும் கேட்டு எழுதுங்கள்.